நான் சீனத் தளபதியாக இருந்தது

எங்கள் ஊரில் என்னைச் சீனா என்றுதான் கூப்பிடுவார்கள். ரேஷன் கடையில்கூட அப்படித்தான். அதற்குக் காரணம் ஒரு நாடகம். சித்திரைத் திருவிழாவுக்கு எங்கள் ஊர்க்காரர்களே போடுவது. அதில் நான் சீனத் தளபதி.

ஊர் உத்தமபாளையத்துக்கும் கம்பத்துக்கும் நடுவில் இருக்கிறது. எனக்குத் திராட்சைத் தோட்டத்து வேலை. கொடிக்குக் கவாத்து வெட்டுவேன், மருந்து அடிப்பேன், பழம் அறுப்பேன். ஐந்தாவதுக்கு மேல் படிக்கவில்லை. எழுதிப் பழக்கமும் இல்லை. ஆனாலும் இதை எங்காவது சொல்லிவிட வேண்டும்போல் இருக்கிறது. வாயால் சொன்னால் சிரிப்பார்கள். அதனால் எழுதுகிறேன்.

நாடகத்தை எழுதியவர் எங்கள் ஊரில் சைக்கிள் கடை வைத்திருந்தார். சீனாவோடு சண்டை நடந்தபோது அவருக்கு வாலிப வயது. அதற்கு அடுத்த திருவிழாவுக்கே எழுதிவிட்டாராம். பனிமலையில் ஒரு காவல் இடம். நம் ஆட்கள் எல்லோரும் செத்துப்போய் ஒரே ஒரு சிப்பாய் மிச்சம். குண்டும் தீர்ந்துவிட்டது. சீனத் தளபதி வந்து சரணடையச் சொல்வான். சிப்பாய் மாட்டேன் என்பான். தளபதி சுட்டுவிடுவான். பிறகு நம் கேப்டன் வந்து தளபதியைச் சுடுவார். கொடி ஏறும். அவ்வளவுதான் கதை.

நான் பதினெட்டு வயதில் சேர்ந்தேன். முதலில் சீனச் சிப்பாய். வசனம் கிடையாது. ஓடி வந்து சுடப்பட்டு விழ வேண்டும். ஆள் பற்றாது. அதனால் விழுந்தவர்கள் திரைக்குப் பின்னால் ஊர்ந்து போய், மறுபடி ஓடி வந்து, மறுபடி சாக வேண்டும். முட்டி தேய்ந்துவிடும். மூன்று வருடம் அப்படிச் செத்தேன். தளபதி வேஷம் கட்டியவர் பிழைப்புக்குத் திருப்பூர் போய்விட்டார். அவருடைய கோட்டு எனக்குச் சரியாக இருந்தது. சிப்பாயிலிருந்து ஒரே தாவலில் தளபதி ஆனேன்.

பனிக்கு இலவம் பஞ்சு. போடியிலிருந்து ஒரு மூட்டை வரும். மேடைக்கு மேலே ஒருவன் உட்கார்ந்து பிய்த்துப் போடுவான். பக்கத்தில் ஒரு ஃபேன் ஓடும். பஞ்சு மூக்கில் ஏறும், இமையில் ஒட்டும். தும்மல் வரும். தளபதி தும்மக் கூடாது. அதுதான் எனக்கு அந்த வேஷத்தில் பெரிய கஷ்டம். சித்திரை மாத வெக்கையில் கம்பளிக் கோட்டு போட்டுக்கொண்டு குளிர்வதுபோல் நடுங்க வேண்டும். அது இரண்டாவது கஷ்டம்.

சுடும்போது சத்தத்துக்கு மேடைக்குப் பின்னால் ஒருவர் வெடி கொளுத்துவார். அவருக்கு மேடை தெரியாது. வசனத்தைக் காதில் வாங்கிக் கொளுத்த வேண்டும். சிப்பாயின் கடைசி வசனம் முடிந்ததும் திரியில் பற்றவைப்பார். சில வருடம் வெடி முந்தும். சில வருடம் ஆள் விழுந்து வெகு நேரம் கழித்து வெடிக்கும். ஜனங்கள் அதையும் ரசிப்பார்கள்.

தளபதிக்கு ஒரு நீள வசனம் உண்டு. சிப்பாயைச் சுடுவதற்கு முன்னால் சொல்ல வேண்டும். இப்படிப் போகும்:

"வீரனே, உனக்கு என்னைத் தெரியாது. நான் உழவன் மகன். எங்கள் ஊரில் மழை பொய்த்தது. வீட்டில் ஒரு வயிறு குறையட்டும் என்று என்னைப் பட்டாளத்துக்கு அனுப்பினார் என் தகப்பனார். மலை மலையாக நடந்தேன். செருப்பு தேய்ந்தது, பாதம் தேய்ந்தது. ஜப்பான்காரனோடு மோதினேன். பிறகு என் நாட்டுக்காரனையே சுட்டேன். பதவி கொடுத்தார்கள். பிறகு கொரியா. அங்கே பனி. என் கால்விரல் இரண்டைப் பனி தின்றது. என் தம்பி அங்கே விழுந்தான். யாரும் சுடவில்லை. குளிர். கையைப் பிடித்துத் தூக்கினேன். எழவில்லை. அதற்கும் பதவி கொடுத்தார்கள். இன்று தளபதியாக உன் மலைக்கு வந்திருக்கிறேன். நீயாவது வீடு போய்ச் சேர். சரணடைந்துவிடு."

சிப்பாய் பக்கத்தில் இருக்கும் கல்லில் கை வைத்து, "என் உயிர் போகலாம். இந்தக் கல் போகாது" என்பான். உடனே வெடி.

கால்விரல் போனவன் என்பதால் நான் நொண்டி நடப்பேன். கொரியா வரும் இடத்தில் குரலை உடைக்க வேண்டும் என்று சைக்கிள் கடைக்காரர் சொல்லிக் கொடுத்தார். "எழவில்லை" என்று சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். நிற்பேன். பெண்கள் பக்கம் உச்சுக் கொட்டும் சத்தம் வரும். ஆம்பிளைகள் பக்கம் விசில். "ஏலே, கதைய நிப்பாட்டிட்டுச் சுடுறா" என்று ஒருவன் கத்துவான். வருடா வருடம் யாராவது கத்துவார்கள். கத்தவில்லை என்றால் எனக்கு ஒரு மாதிரி இருக்கும்.

ஒருதரம் சைக்கிள் கடைக்காரரிடம் கேட்டேன். "ஏண்ணே, வில்லனுக்கு எதுக்கு இம்புட்டு வசனம்?"

"அவென் என்ன துப்பாக்கியோடயா பெறந்தான்? அவனும் ஒரு ஆத்தா பெத்த புள்ளதான. எப்புடித் தளபதி ஆனான்னு சொல்ல வேணாமா? சும்மா வந்து சுட்டுட்டுச் செத்தான்னா அது நாடகமா, பட்டாசுக் கடையா?"

"நெசமாவே அப்படி ஒரு தளபதி இருந்தானாண்ணே?"

அவர் டியூபுக்குக் காற்று அடித்துக்கொண்டிருந்தார். "அம்புட்டுச் சண்டைக்குள்ள போயி வந்தவன் எவனாச்சும் ஒருத்தன் இருப்பான்ல" என்றார்.

அவர் இறந்து வெகு காலம் ஆயிற்று.

என் அண்ணன் ஏலக்காய்த் தோட்டத்து ஜீப் கவிழ்ந்து இறந்துபோனார். குமுளி மலையில். அப்போது அவர் மகனுக்குப் பால் பல் விழவில்லை. ஒரே பையன். மதினி தனியாக வளர்த்தார். காட்டு வேலைக்குப் போய் வளர்த்தார். நான் பக்கத்து வீடு. எனக்குப் பிள்ளை இல்லை. அவன் இரண்டு வீட்டிலும் சாப்பிட்டு வளர்ந்தான்.

மீசை அரும்பும் வயதில் அந்தச் சிப்பாய் வேஷம் அவனுக்கு வந்தது. நான்கு திருவிழா அவனைச் சுட்டேன். நன்றாக விழுவான். கையைக் கீழே ஊன்ற மாட்டான், அப்படியே சாய்வான். என் வசனம் முழுவதும் அவனுக்குப் பாடம். மேடையில் நான் எங்காவது தடுக்கினால் உதட்டை அசைக்காமல் எடுத்துக் கொடுப்பான். மதினி முன்வரிசையில் உட்கார்ந்து சிரிப்பார். "எங் கொழுந்தனாரு வருசா வருசம் எம்புள்ளையக் கொல்லுறாரு. கேக்க நாதியில்ல" என்று பக்கத்தில் இருப்பவர்களிடம் சொல்வார். அதற்கு ஒரு சிரிப்பு எழும்பும்.

அந்த உடுப்பு அவனுக்குப் பிடித்துப்போயிற்று. விடியற்காலை பஸ் பிடித்துத் தேனி கிரவுண்டுக்கு ஓடப் போனான். ஆள் எடுப்பில் தேறினான். ஊரில் சொன்னார்கள், "சீனா சுட்டுச் சுட்டே பயல மிலிட்டரிக்கு அனுப்பிட்டான்" என்று. எனக்கு அப்போது பெருமையாக இருந்தது.

பட்டாளத்திலிருந்து மதினிக்குப் பேசிவிட்டு என்னிடமும் தனியாகப் பேசுவான். "என்ன தளபதி, ஒங்க பக்கம் எல்லாம் அமைதியா?" என்பான். "நீ வாலாட்டாம இருந்தா நான் ஏன்டா வர்றேன்" என்பேன். அதுதான் எங்கள் பேச்சு. அதற்குமேல் பெரிதாக ஒன்றும் இருக்காது. சாப்பிட்டாயா, மழை உண்டா, வைத்துவிடுவோம்.

பிறகு அவனை லடாக் பக்கம் போட்டார்கள். எந்த இடம் என்று சொல்ல மாட்டான்.

கொரோனா வந்த வருடம் எல்லையில் கைகலப்பு என்று டிவியில் சொன்னார்கள். நம் ஆட்கள் செத்துப்போனார்கள். அதுவரை டீக்கடையில் என்னைக் கண்டால், "என்ன தளபதி, பார்டர்ல என்ன நெலவரம்?" என்பார்கள். "மேலிடத்துல பேசிக்கிட்டு இருக்கோம்" என்று நானும் சொல்வேன். அன்றைக்கு ஒருவர் அதே கேள்வியைக் கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வந்தேன்.

மதினி டிவி முன்னாலேயே உட்கார்ந்திருந்தார். மறுநாள் போன் வந்தது. அவன் நன்றாகத்தான் இருந்தான். ஆனால் மதினி அதற்குப் பிறகு பழைய ஆளாக இல்லை. போனை இடுப்பில் செருகிக்கொண்டே களை எடுப்பார். பேசும்போது அதைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார்.

இரண்டு வருடம் திருவிழா இல்லை. மூன்றாவது வருடம் காப்புக் கட்டினார்கள். இளைஞர் மன்றத்துப் பையன்கள் பழைய நாடகத்தை எடுக்கலாம் என்றார்கள். இந்தச் சமயத்தில் சீனா நாடகம் போட்டால் கூட்டம் அள்ளும் என்றார்கள். மன்றத் தலைவர் என் தெருப் பையன்தான். என்னை மாமா என்பான். ஜே.சி.பி. வைத்திருக்கிறான்.

"மாமா, போலீஸ்ல பத்து மணி வரைக்குந்தான் பெர்மிசன். கரகாட்டம் வேற இருக்கு. நாடகம் அரை மணி. ஒங்க வசனத்தத் தூக்கியாச்சு."

"எதத் தூக்கியாச்சு?"

"அதான் ஜப்பான், கொரியா எல்லாம். சரணடைஞ்சிரு, அது மட்டும் போதும். ஜனங்க இப்ப ரீல்ஸ் பாக்குறாக மாமா. வில்லன் வந்தானா, சுட்டானா, செத்தானா, முடிஞ்சிரணும்."

சரி என்றேன். வயதும் ஆகிவிட்டது. நீள வசனத்துக்கு மூச்சு வாங்கும்.

உடுப்பெல்லாம் தேனியில் வாடகைக்கு எடுத்தார்கள். கேப்டனுக்கு வந்தது சாயம் போயிருந்தது, திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அதனால் மதினி வீட்டில் போய்க் கேட்டார்கள். அவன் விடுமுறைக்கு வந்தபோது விட்டுப்போன ஒரு செட் பெட்டியில் இருந்தது. கேப்டன் வேஷத்துக்கு என்று சொல்லித்தான் கேட்டார்கள். மதினி தானே இஸ்திரி போட்டுக் கொடுத்தார். தன் பிள்ளை சட்டை கொடி ஏற்றப்போகிறது என்று அவருக்கு ஒரு சந்தோஷம். வெகு நாள் கழித்துத் தலைக்குப் பூ வாங்கினார்.

கேப்டன் வேஷம் கட்டிய பையனுக்கு வயிறு. பித்தான் மாட்டவில்லை. நாடகம் தொடங்கப்போகும் நேரத்தில்தான் போட்டுப் பார்த்திருக்கிறான். சிப்பாய் வேஷம் கட்டிய பையன் ஒல்லி, அவனுடைய வாடகைச் சட்டை தொளதொள. இருவரும் சட்டையை மாற்றிக்கொண்டார்கள். யாருக்கும் அது ஒரு விஷயமாகத் தோன்றவில்லை. நான் மூஞ்சிக்கு மாவு பூசிக்கொண்டிருந்தேன். எனக்கும் தோன்றவில்லை. நெஞ்சில் அண்ணன் மகன் பெயர் தைத்த பட்டை இருந்தது. அதை மட்டும் எடுக்கச் சொன்னேன். "இருக்கட்டும் பெரியப்பா, ஒரிஜினலா இருக்கும்" என்றான் பையன்.

மதினி மேடைக்குப் பின்னால் வந்தார். அங்கே பெண்கள் வருவதில்லை. சிப்பாய் ஏற்கெனவே மேடையில் நின்றுகொண்டிருந்தான். முன்வரிசையிலிருந்து பார்த்துவிட்டுத்தான் வந்திருக்கிறார்.

"தம்பி, கேப்டனுக்குன்னு சொல்லித்தான வாங்கிட்டுப் போனாக?"

"பித்தான் மாட்டல மதினி."

"அந்தச் சாகுற பய போட்டுக்கிட்டு நிக்கிறானே."

நான் தொப்பியை எடுத்து மாட்டினேன்.

"ஒரு வாரமாப் போனு இல்ல தம்பி." என் கோட்டுக் கையைப் பிடித்துக்கொண்டார். "எம்புள்ள சட்டையில சுட்றாதீக."

"நாடகம் மதினி."

"நாடகந்தான். தெரியும். நான் என்ன பச்சப்புள்ளையா? சுடாதீக."

தலைவரைக் கூப்பிட்டேன். சட்டையை மாற்றச் சொன்னேன்.

"எத மாமா மாட்டிவிடுறது? லுங்கியக் கட்டிக்கிட்டா பார்டர்ல நிப்பான்?"

"அப்ப சிப்பாய் சாக வேணாம். விட்றலாம்."

"சிப்பாய் சாகலேன்னா கேப்டன் எதுக்கு மாமா பழிவாங்குறான்? பொழுது போகாமலா?" கையைக் கூப்பினான். "மைக்குல ஒங்க பேரச் சொல்லியாச்சு. போங்க மாமா. நல்லாருப்பீக."

மைக்கில் பெயரைச் சொல்லவில்லை. சீனா என்றுதான் சொன்னார்கள். கூட்டம் ஊ என்று கத்தியது. மதினி கையை விட்டார். நான் நொண்டிக்கொண்டு மேடை ஏறினேன்.

பஞ்சு கொட்டிக்கொண்டிருந்தது. பையன் கல்லுக்குப் பக்கத்தில் நின்றான். அந்தச் சட்டையில் பார்த்தபோது எனக்கும் ஒரு கணம் என் பிள்ளை மாதிரித்தான் இருந்தது. உயரம் அதே உயரம். சரணடைந்துவிடு என்று சொல்லியிருக்க வேண்டும். அதைச் சொன்னால் அவன் பதில் சொல்வான். பதில் சொன்னால் வெடி. அதனால் வேறு வழி தெரியாமல் பழைய வசனத்தைத் தொடங்கினேன். வீரனே, உனக்கு என்னைத் தெரியாது.

முழுவதும் சொன்னேன். மலை, ஜப்பான், சொந்த நாட்டுக்காரன். ஓரத்தில் நின்று தலைவர் தன் கைக்கடிகாரத்தைத் தட்டித் தட்டிக் காட்டினான். கொரியா வந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை, ஆனாலும் தடுக்கவில்லை. குரலையும் உடைத்தேன். தலையைக் குனிந்து நின்றேன். அந்த நேரத்தில் சுடாமல் இருக்க வழி யோசித்தேன். ஒன்றும் வரவில்லை. சரணடைந்துவிடு என்றேன். பையன் கல்லில் கை வைத்தான். வசனத்தைச் சொன்னான்.

நான் துப்பாக்கியைக் கீழே இறக்கினேன். "போ. ஒங்க ஆத்தாகிட்டப் போ" என்றேன்.

பையன் முழித்தான். வெடிக்காரருக்கு மேடை தெரியாது. அவர் கொளுத்திவிட்டார்.

வெடித்தது. பையன் விழுந்தான். சத்தம் கேட்டால் விழ வேண்டும் என்று அவனுக்கு அவ்வளவு தூரம் பழக்கியிருந்தார்கள். நன்றாகவே விழுந்தான்.

பிறகு யாரோ, "துப்பாக்கி தரையப் பாக்குது. இவென் எப்புடிறா செத்தான்?" என்றார்கள். ஒருவன் சிரித்தான். நான் முன்வரிசையைப் பார்த்தேன். மதினி எழுந்து நின்றார். வாயைப் பொத்தியிருந்தார்.

நான் போய்ப் பையனின் கையைப் பிடித்தேன். "எந்திரிடா."

"பெரியப்பா, நான் செத்துட்டேன்" என்றான் மெதுவாக. அவன் சட்டையில் குத்தியிருந்த மைக்கில் அது ஊருக்கே கேட்டது.

"எந்திரி."

தூக்கினேன். எழுந்துவிட்டான். கூட்டம் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. சட்டையில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டேன். தோள், பை, பெயர்ப் பட்டை எல்லாம் தட்டினேன். அதற்குள் கேப்டன் ஓடி வந்து, "என் சிப்பாயைக் கொன்ற கயவனே" என்று ஆரம்பித்துவிட்டான். சிப்பாய் என் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தான். ஜனங்கள் தரையில் உருண்டார்கள். கேப்டன் என்னைச் சுட்டான். அந்த நாடகத்தில் நான் ஒருவன்தான் ஒழுங்காகச் செத்தேன்.

திரை விழுந்ததும் தலைவர் வந்தான். முகம் சிவந்திருந்தது. "நாட்டுக்கு உசுரக் குடுத்தவன இப்புடிக் கேலியாக்கிட்டீகளே மாமா. இனி ஒங்களுக்கு வேசம் கெடையாது." என் தொப்பியை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

மதினி வெளியே நின்றார். கையில் அந்தச் சட்டை. பையனிடமிருந்து கழற்றி வாங்கிவிட்டார்.

"நான் சுடல மதினி."

"விழுந்தானே தம்பி."

"வெடிச் சத்தத்துக்கு விழுந்தான். எழுப்பி விட்டேன்ல."

"விழுந்தான்ல" என்றார். சட்டையை மடித்துக்கொண்டார். என்மேல் கோபமும் இல்லை. கோபித்திருந்தால் தேவலை. வீரபாண்டி அம்மனுக்குத் தீச்சட்டி எடுப்பதாக வேண்டிக்கொண்டார்.

நாலைந்து நாளில் போன் வந்தது. அவன் உயிரோடு இருந்தான். பேச்சு சுரத்தில்லாமல் இருந்தது என்றார் மதினி. தூரத்து லைன், அப்படித்தான் கேட்கும் என்றேன். என்னிடம் கொடுக்கச் சொல்லவில்லையா என்று கேட்டேன். டவர் போயிற்று என்றார்.

அடுத்த தடவையும் டவர் போயிற்று. அதற்கடுத்த தடவையும்.

நான் பையனை எழுப்பியதை யாரோ போனில் எடுத்துப் போட்டுவிட்டார்கள். என் வசனம் அதில் இல்லை. வெடியிலிருந்து தொடங்கும். கேரளாவில் வேலை செய்பவர்கள் பார்த்துவிட்டுக் கூப்பிட்டார்கள். கம்பம் மார்க்கெட்டில் லோடு இறக்கப் போனால், "யோவ், இங்கன ஒருத்தன் படுத்துக் கெடக்கான், எழுப்பி விடு" என்பார்கள். அதெல்லாம் என்னை ஒன்றும் செய்யவில்லை. அண்ணன் மகன் பேசாததுதான் உறுத்தியது. அவனும் பார்த்திருப்பான் என்று நினைத்தேன். பட்டாளத்தில் அவன் தலை குனிந்திருக்கும் என்று நினைத்தேன். பேசாமல் சுட்டிருந்தால் யாரும் எடுத்திருக்க மாட்டார்கள். வருடா வருடம் சுட்டது போலச் சுட்டிருக்கலாம். மதினிக்காகச் செய்தேன். மதினிக்கும் அது ஆறுதலாகவில்லை.

நானாகக் கூப்பிட்டிருக்கலாம். என்ன பேசுவது என்று தெரியவில்லை. எங்கள் இருவருக்கும் அந்த ஒரு பேச்சுதான். தளபதி, என்ன அமைதியா. அதை வைத்து இனி எப்படி ஆரம்பிப்பது?

அடுத்த வருடம் விடுமுறைக்கு வந்தான். மெலிந்திருந்தான். உதடு வெடித்துக் கருத்திருந்தது. மதினி தீச்சட்டி எடுத்தபோது பின்னாலேயே நடந்தான். நானும் போனேன். என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். வீட்டுக்கு வந்தால் என் மனைவியிடம் பேசுவான். நான் உள்ளே வந்தால் போனை எடுத்துக்கொள்வான். விடுமுறை முழுவதும் இப்படி.

புறப்படுவதற்கு முந்தின நாள் தோட்டத்துக்கு வந்தான். பழம் அறுத்துக்கொண்டிருந்தேன். பந்தலுக்குக் கீழே அவனும் குனிந்து வந்தான். ஒரு கத்தரியை எடுத்துக்கொண்டு என் கூடவே அறுத்தான். நல்ல பழக்கம் உள்ள கை. ஒரு பெட்டி நிறைந்தது. அடுத்த பெட்டிக்குக் காகிதம் விரித்தான்.

"அங்கன ஒரு நாளு பேச்சுவார்த்தைக்கு அவிங்க பெரிய ஆப்பீசர் வந்தான் சித்தப்பா" என்றான். "தளபதின்னே வச்சுக்கங்க. நாங்க காவலுக்கு நின்னோம். கிட்டத்துல பாத்தேன்."

"வயசு?"

"ஒங்க வயசுதான் இருக்கும். தலைக்குச் சாயம் அடிச்சிருந்தான்."

"நொண்டுனானா?"

அவன் கத்தரியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தான். "இல்ல சித்தப்பா. நல்லா நடந்தான்."

"ம்" என்றேன்.

கொஞ்சம் சிரித்தான். அந்த விடுமுறையில் அவன் சிரித்து அப்போதுதான் பார்த்தேன். நானும் சிரித்தேன். சரியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுபடி அறுக்க ஆரம்பித்தான். முகத்தைக் கொத்துப் பக்கமே வைத்துக்கொண்டு பேசினான்.

"திருவிழா நேரத்துல எங்கூட இருந்தவன் ஒருத்தன் போயிட்டான். ரோந்து போனோம். யாரும் சுடல. குளுரு. மூச்சு வாங்குச்சு, விழுந்தான். நாந்தான் கையப் புடிச்சுத் தூக்குனேன். எந்திரிக்கல."

கையில் இருந்த கொத்தில் அழுகல் பழத்தைக் கிள்ளிப் போட்டேன்.

"நாடகத்துல கொரியான்னு வருமே. அதேதான்."

பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வதுபோல் சொன்னான். குரல் உடையவில்லை. தலையும் குனியவில்லை. கொத்தைப் பெட்டியில் வைத்துவிட்டு அடுத்த கொத்துக்குக் கை நீட்டினான்.

"கீழ எறங்கி வந்த அன்னைக்கு ஒங்க வீடியோ வந்துச்சு. நீங்க கையப் புடிச்சதும் அந்தப் பய எந்திரிச்சுட்டான். கேம்ப்ல எல்லாரும் சிரிச்சாக. நானும் சிரிச்சேன் சித்தப்பா. எனக்கே அடக்க முடியல. அதுக்கப்புறம் ஒங்ககிட்டப் பேச வரல."

"கோவமோன்னு நெனச்சேன்."

"கோவமெல்லாம் இல்ல."

பெட்டி நிறைந்தது. அவனே தூக்கிக்கொண்டு போய் வண்டியில் வைத்தான். மறுநாள் தேனிக்குப் போய் மதுரை ரயில் ஏறினான்.

இப்போதும் மதினிக்குப் பேசிவிட்டு என்னிடம் கொடுக்கச் சொல்கிறான். சாப்பிட்டாயா, மழை உண்டா. தளபதி என்று அவன் சொல்வதில்லை. நானும் எதிர்பார்ப்பதில்லை. அந்தப் பேச்சு போனது போனதுதான்.

நாடகத்தில் இப்போது வேறு பையன் தளபதி. நொண்டுவதில்லை. வந்ததும் உரக்கச் சிரிக்கிறான், சுடுகிறான், சாகிறான். அவன் எங்கே பிறந்தான், எப்படித் தளபதி ஆனான் என்று ஜனங்களுக்குத் தெரியாது. கேட்பாரும் இல்லை. மதினி நாடகம் பார்க்க வருவதில்லை. நான் கடைசியில் நின்று பார்ப்பேன். சிப்பாய் விழுந்தால் எனக்குக் கை பரபரக்கும். பையில் விட்டுக்கொள்வேன்.

அந்த வசனத்தை எத்தனையோ வருடம் சொன்னேன். எழவில்லை என்று சொல்லிவிட்டுப் பெண்கள் உச்சுக் கொட்டும் சத்தத்துக்காக நின்றேன். எதிரே என் பிள்ளை நின்று கேட்டுக்கொண்டிருந்தான். அவன்தான் எனக்கு எடுத்துக் கொடுத்தான்.

கவாத்து வெட்டும்போது பழக்கத்தில் அது வாயில் வரும். மழை பொய்த்தது, மலை மலையாக நடந்தது, ஜப்பான்காரன். கொரியாவுக்கு முன்னால் நிறுத்திவிட்டு அடுத்த கொடிக்குப் போய்விடுவேன்.